பலகையின் பின்பக்கம்

அறுபதுகளோட கடைசியில நாங்க திருவள்ளூர்ல குளத்துக்குப் பின்னால ஒரு ஓட்டு வீட்டுல ஒரு பாதியில குடியிருந்தோம். ஒரே வீட்டை நடுவுல சுவர் வெச்சு ரெண்டு போர்ஷனாப் பிரிச்சிருந்தார் வீட்டுக்காரர். கஞ்சத்தனமோ இன்னாவோ, சுவர் ஓடு வரைக்கும் எட்டலை. மேல ரெண்டடி இடைவெளி. எங்க வீட்டுல தாளிச்சா அந்தப் பக்கம் தும்முவாங்க. அந்தப் பக்கம் இருந்தது புருஷன் விட்டுட்டுப் போன ஒரு பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். ரவிக்கை தைச்சுக் காலம் தள்ளிக்கினு இருந்தா.

நான் அம்பத்தூர்ல ஃபிட்டர். ரேடியோ பைத்தியம். மூர் மார்க்கெட்ல பழைய சினிமா கொட்டாய் ஸ்பீக்கர் ஒண்ணு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, பேரம் பேசி வாங்கியாந்தேன். ஒரு பழைய கதவுப் பலகையில வட்டமா அறுத்து அதை மாட்டி, ரேடியோவுலேர்ந்து வயர் இழுத்தேன். பெட்டி கிடையாது, முதுகு தொறந்தே இருக்கும். அந்த மாதிரி பலகைக்கு முன்னால எவ்வளவு சத்தம் வருதோ, பின்னாலயும் அவ்வளவு வரும். சுவத்துல ஒட்டிச் சாத்தினா கெட்டுடும், பின்னால காத்தாட இடம் வேணும். எங்க வீட்டுல அதுக்கு ஏது இடம்? சுவர் மேல இருந்த அந்த இடைவெளியில நிக்க வெச்சேன். முகம் எனக்கு, முதுகு அவளுக்கு. அப்ப அதையெல்லாம் யோசிக்கக்கூட இல்ல.

பாட்டு கேட்டா, அடடா! பாடறவங்க சுவர் மேல ஏறி உக்காந்துக்கினு நமக்கோசரம் பாடற மாதிரி. மூச்சு இழுக்கறதுகூட கேக்கும். மிருதங்கத்துல அந்தக் கனமான 'தொம்' மட்டும் இருக்காது. திருவாலங்காட்டுலேர்ந்து என்கூட ரயில்ல வர்ற சிநேகிதன் ஒருத்தன் ஞாயித்துக்கிழமை வந்து கேட்டான். "குரல் ஜோராக் கீது. ஆனா பாதி சத்தம் அந்தாண்ட போவுதே! இன்னாபா, பக்கத்து ஊட்டுக்கு ஓசியில கச்சேரி வெக்கிறியா?"ன்னு சிரிச்சான். எனக்குச் சுருக்குன்னுச்சு.

அடுத்த வாரமே என் பொண்டாட்டி வந்து சொன்னா. "பக்கத்து ஊட்டுப் பொண்ணு கேக்குது. காலையில ரேடியோவுல பாட்டு சொல்லித் தர்றாங்களே, அப்ப மட்டும் கொஞ்சம் சத்தமா வெப்பீங்களான்னு."

"ஓசியில கேக்கறதும் இல்லாம சவுண்டு வேற ஏத்தணுமா? இடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குவாங்கன்றது சரியாத்தான் கீது!"ன்னு கத்தினேன்.

எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. கோபம் வந்தா காது அடைஞ்சுடும்.

அந்த மாசமே பெட்டி செய்ய ஆரம்பிச்சேன். தடிப் பலகையில, எல்லாப் பக்கமும் மூடின பெட்டி. 'தொம்'மும் வரும், முதுகுச் சத்தமும் அந்தாண்ட போவாது. உள்ள துணியோ பஞ்சோ அடைக்கணும், இல்லன்னா எதிரொலிக்கும். தைக்கிறவங்க வெட்டிப் போட்ட துணி கெடைச்சா தேவலைன்னேன். என் பொண்டாட்டி போய்க் கேட்டா, அந்தப் பொண்ணு ஒரு கோணி நெறைய குடுத்தனுப்பிச்சுது. "அண்ணாவுக்கு இன்னும் வேணும்னா சேத்து வெக்கிறேன்"னு வேற சொல்லிச்சாம். எதுக்குன்னு அதுவும் கேக்கலை. நான் கை கூசாம அதை வாங்கி, பின்பக்கம் பூரா அடைச்சு, ஸ்க்ரூ போட்டு மூடினேன்.

பெட்டியைத் தரையில ஒரு மூலையில வெச்சேன். 'தொம்'னு தரை அதிர்ந்துச்சு. சிநேகிதன் தொடையைத் தட்டி ரசிச்சான். ஆனா உள்ளதைச் சொல்றேன், குரல் போயிடுச்சு. ஜலதோஷம் புடிச்சவங்க பாடற மாதிரி ஒரு அடைப்பு. எனக்கே தெரிஞ்சுது. ஒத்துக்குவேனா? நான் புடிச்ச முயலுக்கு மூணே கால். "பெட்டின்னா பெட்டிதான்!"னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் பீத்திக்கினேன். சுவத்துக்கு அந்தாண்ட அதிர்வு போயிருக்கும், வார்த்தை போயிருக்காது.

அஞ்சாறு மாசம் ஆச்சு. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணே எங்க வாசல்ல வந்து நின்னுது. கையில நாப்பது பக்க நோட்டு. அன்னிக்குத்தான் எங்கிட்ட நேராப் பேசிச்சு.

"அண்ணா, அடுத்த வாரம் கவர்மெண்டு பாட்டு பரீட்சை. பாஸ் பண்ணா ஸ்கூல்ல பாட்டு டீச்சர் வேலைக்கு எழுதிப் போடலாம். காசு குடுத்துக் கத்துக்க வழியில்ல, ரேடியோவுல கேட்டுத்தான் எழுதிக்கினு இருந்தேன். நடுவுல கேக்காமப் போச்சு. இந்த ஒரு பாட்டுக்குச் சரணம் மட்டும் இல்ல. நீங்க தெனம் கேக்கறீங்களே, கொஞ்சம் சொல்றீங்களா?"

நோட்டை வாங்கிப் பாத்தேன். பல்லவி, அனுபல்லவி, மேல ஸ்வரம், எல்லாம் பொடி எழுத்துல. கீழ 'சரணம்'னு எழுதி, மீதிப் பக்கம் வெள்ளையா இருந்துச்சு. அந்தப் பாட்டு எங்க வீட்டுல எத்தினி காலையில ஓடியிருக்கும்! நான் முகம் செரைச்சுக்கினு, 'தொம்' ஒழுங்கா வருதான்னு மட்டும் கேட்டுக்கினு இருந்திருக்கேன். ஒரு வரி, ஒரே ஒரு வரிகூட ஞாபகம் வரலை. "கவனிக்கலைம்மா"ன்னேன்.

"பரவால்லண்ணா"ன்னு நோட்டை வாங்கிக்கினு போயிடுச்சு.

என் பொண்டாட்டி பாத்த பார்வை இருக்கே! "இதுக்குத்தான் சத்தமா வெக்கச் சொல்லிச்சு"ன்னா. மறுநாளே பெட்டியைப் பிரிச்சு, ஸ்பீக்கரைப் பழைய பலகையில மாட்டி, சுவர் மேல ஏத்தி, காலையில முழுச் சத்தமும் வெச்சேன். இன்னா பிரயோஜனம்? அன்னிக்கு வேற பாட்டு சொல்லிக் குடுத்தாங்க. தும்பை விட்டு வாலைப் புடிச்ச கதைதான்.

மெட்ராஸ் போய் பரீட்சையில பாடிட்டு வந்து, அது என் பொண்டாட்டிகிட்ட சொன்னது உள்ள எனக்குக் கேட்டுது. அந்தப் பாட்டையே பாடச் சொன்னாங்களாம். அனுபல்லவியோட நின்னுடுச்சாம். வேற பாடறேன்னு கெஞ்சிச்சாம். போதும்மா, போகலாம்னுட்டாங்களாம்.

நான் வெளிய வந்தேன். மன்னிப்பு கேக்கணும்னுதான் வந்தேன், சத்தியமா. அதுக்குள்ள அது வாயைத் தொறந்துது.

"அண்ணா, ரொம்ப நாளா மனசுல கெடக்குது. நான் சத்தமா வெக்கச் சொன்னேனே, அந்தக் கோவத்துலதான் பெட்டியில போட்டு மூடிட்டீங்களா?"

"சேச்சே, இன்னாம்மா இது! பலகை ஆட்டம் குடுத்துது, ஸ்பீக்கரும் கரகரன்னுச்சு. அதான் மாத்தினேன்."

அதோட மூஞ்சி அப்படியே தெளிஞ்சுது. "அப்பாடா! நான் ஒரு பாவி, உங்களைப் போயி தப்பா நெனச்சுட்டேனே. என்னை மன்னிச்சுக்குங்கண்ணா"ன்னுச்சு.

"போவட்டும், வுடும்மா"ன்னேன்.