ஒரு நெல் அளவு நகர்ந்த பந்து

மகளுக்கு அப்போது பத்து மாதம். அவள் கட்டிலிலிருந்து விழுந்ததை மூன்று நாள் யாரிடமும் நான் சொல்லவில்லை.

ஜவ்வாது மலைமேல் இருந்த தொலைநோக்கி நிலையத்தில் கணவருக்கு வேலை. இரவெல்லாம் அங்கே இருந்துவிட்டுப் பகலில் தூங்குவார். அவரை எழுப்பக் கூடாதென்று குழந்தையை முன்னறைக் கட்டிலில் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால் சிமெண்டுத் தரையில் கிடந்தாள். தூக்கிப் பால் கொடுத்ததும் தூங்கிவிட்டாள். காயம் எதுவும் தெரியவில்லை. பட்டம் வாங்கியவள், குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்தவள், தலையணையை நம்பியிருக்கிறேன். இதை எப்படிச் சொல்வது?

மறுநாளிலிருந்து அவள் இடது கையைத் தூக்கவில்லை. அக்குளில் கை கொடுத்து எடுத்தால் வீறிட்டாள்.

"இன்னாச்சு?" என்றார் கணவர்.

"தெரியலைங்க."

சாமை விதைக்கிற பக்கத்து வீட்டு அக்கா பார்த்தவுடன் சொல்லிவிட்டார். "உரம் வுழுந்திருக்கு. யாரோ ஏடாகூடமா தூக்கியிருக்காங்க. நாளைக்கு வந்து எடுத்து வுடறேன்."

குழந்தையைப் புடவையில் போட்டு, இரண்டு பேர் முனைகளைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவதுதான் உரம் எடுப்பது. சுளுக்கென்றால் சரியாகிவிடும். எலும்பாக இருந்தால்? அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை, நிலையத்துக்கு வந்திருந்த வெளிநாட்டு விஞ்ஞானியின் மனைவி தேநீருக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன் கோல்ஃப் ஆடுவதே அவர் தொழில். பெண்களுக்கான பெரிய சாம்பியன்ஷிப் ஒன்றிலும் ஆடியிருக்கிறார். ஜெயித்தீர்களா என்று தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டேன். சிரித்தபடி மூலையிலிருந்த குடையை எடுத்து, தட்டிலிருந்த நெல்லிக்காய் ஒன்றைத் தரையில் வைத்துக் காட்டினார். நான்கு நாள் ஆட்டம். முதல் இரண்டு நாளில் அதிக அடி அடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டாம் நாள், உயரமான புல்லில் கிடந்த பந்துக்குப் பக்கத்தில் மட்டையை வைத்ததும் பந்து ஒரு நெல் அளவு நகர்ந்துவிட்டது. நகர்ந்தால் ஓர் அடி கூட்டி எழுத வேண்டும். யாரும் பார்க்கவில்லை. கூட ஆடியவளைக் கூப்பிட்டு இவரே சொன்னார். அந்த ஓர் அடியால் வெளியேறினார்.

"வருத்தமாக இல்லையா?"

"ஒரு வாரம் அழுதேன். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால், இந்நேரம் உங்களிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன்."

அப்போதுதான் அக்கா, தோளில் பழைய புடவையும் கூடவே நாத்தனாருமாக வந்தார். புடவையை விரித்து, "பாப்பாவ குடும்மா" என்று கை நீட்டினார்.

"வேணாங்க்கா. கட்டில்லேர்ந்து வுழுந்துட்டா. மூணு நாள் ஆச்சு. நான் சொல்லல."

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவர் வாசற்படிக்கு வந்து நின்றார்.

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அக்கா. "நான் பாட்டுக்கு உருட்டியிருப்பேனே." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எங்க மூணு புள்ளைங்களும் வுழுந்ததுங்கதான். பெரியவன் வுழாத எடம் இந்த மலையிலயே இல்ல. படிச்சவங்க வூட்டுக் கொழந்த மட்டும் வுழாதா?"

கணவர் நிலையத்து ஜீப்பைக் கேட்கப் போனார்.

வாணியம்பாடி டாக்டரம்மா கழுத்துக்குக் கீழே தோளோடு சேரும் காறை எலும்பைத் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே படமும் எடுத்தார்கள். விரிசல். "உருட்டலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லவேளை" என்று கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

திரும்பும் வழியில் கணவர் மெதுவாகச் சொன்னார். "போன மாசம் என் கையிலேர்ந்து நழுவிட்டா. மெத்தை மேலதான். நானும் சொல்லல."

கட்டு அவிழ்ப்பதற்குள் அந்த வெளிநாட்டு அம்மாள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். விடைபெற வந்தபோது நன்றி சொன்னேன். தேநீர் கொடுத்தவள் எதற்கு நன்றி சொல்கிறாள் என்பது போலப் பார்த்தார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அது மட்டும் இன்றும் குறையாக இருக்கிறது.

கட்டு அவிழ்த்த அன்று அக்கா ஒரு நெல்லிக்காயைக் காட்டினார். மகள் இடது கையை நீட்டி அதைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். நான் பதறிப் பிடுங்கினேன்.

"கை எட்டுதான்னு பாத்தேன்" என்றார் அக்கா. "எட்டுது. அத்தப் பாரு மொதல்ல."