பிடுங்கி எடுத்த வசனம்

வீட்டில் அவளுக்கு 'சீன்' என்று பெயர். சின்ன வயதில் முழங்கை லேசாகச் சிராய்த்தாலும் தெருவையே கூட்டிவிடுவாள். "சீன் போடாதடி" என்று அம்மா அதட்டி அதட்டி, நாளடைவில் 'போடாதடி' உதிர்ந்துபோய் 'சீன்' மட்டும் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அவள் நிஜமாகவே சினிமாவுக்கு சீன் எழுதக் கிளம்பியபோது, "நான் அப்பவே பேர் வெச்சுட்டேன்" என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

கிளம்பிய வேகத்தில் கதவு ஒன்றும் திறந்துவிடவில்லை. உதவி இயக்குநராக இரண்டு படங்களில் வேலை பார்த்தாள். ஒன்று பாதியில் நின்றது. இன்னொன்று வெளிவந்தது, பெயர்ப் பட்டியலில் அவள் பெயரைத் தவிர எல்லோர் பெயரும் இருந்தது. நடுவில் ஒரு கல்யாணம், அதைத் தொடர்ந்து ஒரு விவாகரத்து. சத்தம் போட்டுச் சண்டை பிடித்துப் பிரிந்தவர்கள் இல்லை. அவள் பேசுவாள், அவர் டிவி பார்ப்பார். அவ்வளவுதான். பிரிந்து வந்தபின் மாதச் சம்பளம் வேண்டியிருந்ததால் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்தாள்.

அந்த வேலை எழுதுகிறவளுக்கு வாகாகவே இருந்தது. உள்ளே துளைபோடும் மெஷின் கிர்ரென்று ஓடும். வெளியே நாற்காலியில் காத்திருப்பவர்கள் பயத்தை மறக்க எதையாவது பேசுவார்கள். ஒரு நோயாளி உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள் அரைப் பக்கமாவது தட்டிவிடுவாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்தால் திரையில் அப்பாயின்ட்மென்ட் பக்கம் வந்துவிடும். டாக்டரம்மாவுக்கு இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்.

ஒருநாள் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவளைவிடக் கொஞ்சம் இளையவள். பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க" என்றாள் சீன். அந்தப் பெண் நம்பரைச் சொல்லத் தொடங்கினாள். பாதி சொல்வதற்குள் மீதியை சீனின் விரல்கள் தாமாகவே அடித்து முடித்துவிட்டன.

அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. வலியோடு வலியாகப் பேசிக்கொண்டே இருந்தாள். அடுத்தடுத்த முறை வந்தபோதும் பேசினாள். ஒரு தடவை ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு வெளியே வந்து உட்கார்ந்து, குழறிக் குழறிச் சொன்னாள்: "வீட்ல நான் பேசினா பதிலே வராது மேடம். அதனால ஃபிரிட்ஜ்கிட்ட பேசிக்கிறேன். அதாச்சும் உம் கொட்டுது."

சீன் சிரித்தாள். அடுத்த நொடியே, "உங்க வீட்டுக்காரரோட முதல் மனைவி நான்தான்" என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கதை எழுதத் தொடங்கினாள்.

கதையில் கிளினிக் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண். அவளிடம் கற்றுக்கொள்ள வருகிறாள் அவளுடைய முன்னாள் கணவனின் இப்போதைய மனைவி. வந்தவளுக்கு விஷயம் தெரியாது. படம் முழுக்க ஒரு காருக்குள். ஒருத்தி ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாள், இன்னொருத்தியின் காலடியில் தனியாக ஒரு பிரேக். ஃபிரிட்ஜ் வசனம் நடுவில் அப்படியே வந்து உட்கார்ந்தது.

கதையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒரு தயாரிப்பாளர் மட்டும் கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. ஹீரோ எப்போ வர்றான்?"

"வரமாட்டார் சார்."

"ஃபிளாஷ்பேக்லயாவது?"

"அதுலயும் இல்ல சார்."

அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். "அப்போ கார் யாரு ஓட்டுறது?"

வெளியே வந்ததும் அவள் ஒல்லியைக் கூப்பிட்டாள். ஒல்லி கல்யாண வீடியோ எடுப்பவன், எடுத்ததை அவனே எடிட்டும் செய்வான். பெயர்தான் ஒல்லி, பின் சீட்டில் அவன் உட்கார்ந்தால் கார் ஒரு பக்கம் சாயும். "நாமளே எடுத்துடலாம்டா" என்றாள். "ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம் இருக்குமே" என்று தலையைச் சொறிந்தான். கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில் எடுப்பது என்று முடிவானது. நாடகக் குழுவிலிருந்து இரண்டு நடிகைகள் கிடைத்தார்கள். பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூல்காரர் காரைக் கொடுத்தார், கீறல் விழக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. முதல் நாளே விழுந்தது.

கற்றுக்கொள்பவளாக நடித்தவளுக்கு நிஜமாகவே ஓட்டத் தெரியாது. சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. கிளப்பக் கிளப்ப இருமியது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்து, பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். டிக்கிக்குள் மைக்கோடு சுருண்டு படுத்திருந்த சீன், "நிறுத்தாதே, எடு, எடு" என்று உள்ளிருந்தே கத்தினாள். படத்தில் அதுதான் மிக நல்ல காட்சியாக அமைந்தது. வசவுகளை மட்டும் பின்னால் மௌனமாக்க வேண்டியிருந்தது.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது ஃபிரிட்ஜ் வசனம் வந்ததும் ஒல்லி குலுங்கிச் சிரித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எங்கேர்ந்து புடிச்ச இத?" என்றான். அவள் அடுத்த ஷாட்டைப் போடச் சொன்னாள். சின்னதொரு திரைப்பட விழாவில் படம் தேர்வானதாகச் செய்தி வந்தபோது, சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. விழா நடப்பது இதே ஊரில். அந்தப் பெண் பார்த்தால்?

மாதக்கணக்கில் தள்ளிப்போட்டபின் அந்தப் பெண் பல்லுக்குக் கேப் அளவெடுக்க வந்தாள். வேலை முடிந்ததும் சீன் அவளை எதிர்த்த டீக்கடைக்கு அழைத்துப்போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் நம்பர் நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "அவங்க... நீங்கதானா?"

"ஆமா."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வலியோட வந்திருந்தீங்க."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை வந்தேன்? அப்பவும் வலியா?"

சீன் படத்தைப் பற்றிச் சொன்னாள். கார், இரண்டு பெண்கள், ஃபிரிட்ஜ், எல்லாவற்றையும். சொல்லச் சொல்லத் தன் குரல் தயாரிப்பாளரிடம் கதை சொல்கிற குரலாக மாறுவதை அவளே கவனித்து, நிறுத்திக்கொண்டாள்.

"கதைக்காகத்தான் சொல்லாம இருந்தீங்களா?"

"முதல்ல இல்ல. அப்புறம்... ஆமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "காரும் மத்ததும் உங்களோடது, வெச்சுக்கோங்க. ஃபிரிட்ஜ் என்னோடது. எங்கம்மாகிட்ட கூட நான் அதைச் சொன்னதில்ல."

"எடுத்துடறேன்."

"எடுத்தா படம் கெட்டுப்போகுமா?"

"கொஞ்சம்."

"பரவாயில்ல. எடுத்துடுங்க."

ஒல்லி குதித்தான். "அந்த வசனம்தான் படமே! பல்லைப் புடுங்குற மாதிரி புடுங்கச் சொல்றியே!"

"அது நம்மளோடது இல்லடா."

"எழுதினது நீதானே?"

"காதுல விழுந்ததை எழுதினேன். அவ்வளவுதான்."

மறுபடி எடுக்கவும் வழியில்லை; நடிகை வேறொரு நாடகத்துக்காக முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். கடைசியில், அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கியரைத் தப்பாகப் போடும் துண்டை அங்கே வைத்து ஒட்டினார்கள். விழா அரங்கில் அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. உருகினார்களா, சலித்தார்களா என்று இருட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பத்திரிகை 'நடுப்பகுதியில் சற்றே தொய்வு' என்று எழுதியது. எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் வலித்தது.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்த்த ஒரு பெண் இயக்குநர், தான் எடுக்கும் தொடருக்கு எழுத அழைத்தார். ஒரு நீள மேஜையைச் சுற்றி எழுதுகிறவர்கள் உட்கார்ந்து ஒருவர் எழுதிய சீனை இன்னொருவர் கிழித்துத் தொங்கப்போடும் இடம் அது. முதல் வாரம் அவள் வாயே திறக்கவில்லை. பிறகு மூடவில்லை. டாக்டரம்மா கிளினிக் வேலையைக் காலை நேரத்துக்கு மட்டும் என்று மாற்றிக் கொடுத்தார்.

கேப் போட அந்தப் பெண் திரும்ப வரவேயில்லை. டாக்டரம்மா கேட்டதால் சீன் போன் செய்தாள். "வேற இடத்துல போட்டுக்கிட்டேன்" என்றாள் அவள், சாதாரணமாக. "சரிங்க" என்று சீன் வைத்துவிட்டாள். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. யாருடைய பேச்சாவது கதைக்குள் நுழைந்தால் நேரில் போய்க் கேட்டுவிடுவாள். ஒருவர் மாட்டேன் என்றார். அந்தக் கதை போயிற்று. இன்னொருவர் சரி என்றுவிட்டு மறுநாள் மனம் மாறினார், அதுவும் போயிற்று. "இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எப்போடி அடுத்த படம் எடுப்பே?" என்றான் ஒல்லி.

மூன்றாவது கதையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு தாயும் மகளும். எழுதி முடித்ததும் அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். அம்மா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டது அதிசயம்.

"யாருடி இந்தம்மா? வீட்டு ஓனர்கிட்ட இவ்வளவு வாயடிக்கிறா?"

"கற்பனைம்மா."

"நம்புறேன்." அம்மா பக்கங்களை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். "குழாயில தண்ணி வரலன்னு சண்டை போடுற இடத்துல சட்டுனு முடிச்சுட்டியே. நான் அன்னைக்கு இன்னும் எவ்வளவோ கேட்டேனே?"

"போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோ. ஆனா அவன் பேச்சைக் குறைச்சிடு."

சீன் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா சொல்லச் சொல்ல ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. இருவருமே எழுந்து போகவில்லை.