ஒட்டு தெரியக் கூடாது

சமையல் மேடை விரிசலுக்கு ஒட்டுப்போட வரும் நெவில் ப்ராஸர், சமையலறைக்குள் வந்ததும் விரிசலைப் பார்ப்பதில்லை. முனகிக்கொண்டே மண்டிபோட்டு, சிங்குக்கு அடியிலிருக்கும் அலமாரிக்குள் தலையை நுழைப்பார். சிங்குக்காக மேடையில் வெட்டியெடுத்த துண்டை, மேடை போட்டவன் நல்லவனாக இருந்தால் அங்கேயே ஒட்டிவைத்துவிட்டுப் போயிருப்பான். அதே வார்ப்பின் துண்டை வைத்து ஒட்டினால்தான் நிறம் சேரும். பாதி வீடுகளில் யாரோ அதைக் குப்பையென்று வீசியிருப்பார்கள். "தொலைச்சிட்டாங்கய்யா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பிறகு ஃபிரிட்ஜை நகர்த்தி, கண்ணில் படாத ஓரத்திலிருந்து ஒரு துண்டு திருட வேண்டியதுதான்.

நான் இப்ஸ்விச்சில் குழாய் வேலை பார்ப்பவன். சிங்கைக் கழற்றி மாட்ட அவரோடு போவேன். பார்க்கக் கல் மாதிரி இருக்கும் அந்த மேடை வெறும் பிசினும் தூளும்தான், சூடு தாங்காது. எந்த வீட்டிலும் யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள், அது தானாக விரிந்திருக்கும். நேற்று போன வீட்டுக்காரி மொரீன் டல்லியும் அப்படித்தான் சாதித்தாள். விரிசலுக்குப் பக்கத்திலேயே சுடச்சுட இறக்கிவைத்த வாணலியின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. நெவில் ஒன்றும் கேட்கவில்லை. "வெயில் காலம்ல, விரியும்மா" என்றார்.

விரிசலைக் குடைந்தெடுத்து, துண்டைப் பதித்து, பசை இறுகியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்தால் போதாது, வெளிச்சம் ஏமாற்றும். விரல்நுனி சொல்ல வேண்டும். நெவிலின் விரல்நுனிகளோ செத்துவிட்டன. ஆயுள் முழுக்க அதிரும் இயந்திரத்தைப் பிடித்த கை. முன்பு குளிரில் மட்டும் வெளுத்து மரத்துப்போகும். இப்போது கோடையிலும் உணர்ச்சி இல்லை. போன மாதம் ஒரு வீட்டில் மயிரிழை மேடு விட்டுவிட்டார். துடைக்கிற துணி அதில் மாட்டியது. இன்னொரு புகார் வந்தால் இனிக் கூப்பிட மாட்டோம் என்று வேலை கொடுக்கும் கம்பெனி சொல்லிவிட்டது. ஓய்வூதிய வயதும் இன்னும் வரவில்லை.

விரல் சங்கதி எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த வேலையை விட்டுத் தொலையேன் என்று ஒருநாள் சொன்னேன், கடுப்பில்.

"விட்டுட்டு? டீவி முன்னாடி உக்காந்து சாகச் சொல்றியா? நீ உன் குழாயப் பாருய்யா."

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிங்குக்கு அடியில் புகுந்தேன்.

நேற்று தேய்த்து முடித்ததும் மொரீன் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றாள். "முடிஞ்சுதா நெவ்?" அவர் ஒட்டின்மேல் விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

தோட்டத்துக் குழாய் ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று மொரீனை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். ஒழுகாத குழாயைத் திருகித் திருகி என்னென்னவோ சொன்னேன். அவள் முதுகுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

நெவில் கண்ணை மூடிக்கொண்டு மேடைமேல் குனிந்தார். கீழுதட்டை ஒட்டின்மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நகர்த்தினார். நடுவில் ஓரிடத்தில் உதடு தட்டி நின்றது. நிமிர்ந்து, அந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, மறுபடியும் உப்புத்தாளை எடுத்தார்.