ஒரு பில்லுக்கு நாலு நிமிடம்

துறைமுகம் போகும் சாலையில், ஏற்றுமதிச் சரக்குக்குக் காகிதம் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் கணினிகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. ஆயுத பூசை முடிந்ததிலிருந்து மூன்று வாரமாக டேட்டாபேஸ் என் உயிரை வாங்கியது. சுங்கத்துறைக்குப் போகும் ஒரு ஷிப்பிங் பில்லைத் திறக்க நாலு நிமிடம், சேமிக்க இன்னொரு நாலு. டேட்டாபேஸை நெட்வொர்க்கில் தனியாக இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு மாற்றலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவனும் நான்தான்.

முதலாளி அண்ணாச்சி தினமும் வந்து நிற்பார். “ஏலே, உன் பெட்டி ஓடுதா, படுத்துக் கெடக்கா?” பெட்டியைக் காப்பாற்றும் அவசரத்தில் ஒருநாள் சொல்லிவிட்டேன்: “பில் போடுத அக்காவுக்கு இன்னும் கைவரல அண்ணாச்சி.” நாக்கில் சூடு வைக்க வேண்டும் எனக்கு. அவர் நேராகப் போய், சனிக்கிழமைக் கப்பலுக்கான பில்கள் மதியம் இரண்டு மணிக்குள் முடியாவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா பதினெட்டு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். வீட்டில் இவர் ஒருத்தர் சம்பளம்தான்.

மதியச் சோற்றை மூடிவைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். டேட்டாபேஸின் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டினேன். பேக்கப் ஓடும் நேரத்தை மாற்றினேன். பெட்டி விற்றவர்களுக்குப் போன் போட்டால், “ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?” என்று ஒரு குரல். அட, அதைத்தானேய்யா மூன்று வாரமாகச் செய்துகொண்டிருக்கிறேன்!

அக்கா மட்டும், “பூசைக்கு மறுநாள்ல இருந்துதான் தம்பி இப்படி இழுக்கு” என்றார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. “கம்ப்யூட்டருக்குப் பூசை தெரியுமாக்கா? நீங்க வேற!” என்று எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை காலை பெட்டியிலிருந்து ஒரு பெரிய கோப்பை இழுத்துப் பார்த்தேன். பெட்டி சும்மா உட்கார்ந்திருந்தது, கோப்பு வந்துசேரவில்லை. அப்படியானால் அடைப்பு பெட்டியில் இல்லை, வரும் வழியில். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அது சாமி படங்கள் இருக்கும் மேசைக்குப் பின்னால் போய் நின்றது. காய்ந்த மாலைக்கு அடியில், சந்தனப் பொட்டு வைத்த, கேபிள்களை இணைக்கும் ஒரு பழைய ஹப்.

அடப்பாவி! பூசையன்று பெட்டியை ஈசானி மூலையில் கிழக்குப் பார்த்து வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. கேபிள் எட்டவில்லை. கழித்துப்போட்ட சாமான்களில் கிடந்த ஹப்பை எடுத்து, இரண்டு கேபிளை அதில் செருகிச் சேர்த்தது யார்? நானேதான். நாளைக்கு நீளக் கேபிள் போட்டுக்கொள்ளலாம் என்று சுண்டலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனவன்தான், அப்படியே மறந்துவிட்டேன். பெட்டி அனுப்பக்கூடிய வேகத்தில் நூறில் ஒரு பங்கைத்தான் அந்தக் கிழட்டு ஹப் விடும்.

ஹப்பும் கையுமாக எழுந்து நின்றேன். “இத நீதான தம்பி அன்னைக்கு வச்ச?” என்றார் அக்கா. “ஆமாக்கா” என்று ஹப்பைக் குப்பையில் போட்டேன்.

நீளக் கேபிள் போட்டதும் பில் தட்டியவுடன் திறந்தது. பன்னிரண்டரைக்கெல்லாம் அக்கா அத்தனையையும் முடித்துவிட்டார்.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். “பாத்தியாலே? ஒரு அதட்டு அதட்டுனதும் அந்தம்மா கை எப்படி ஓடுதுன்னு!”

அக்கா என்னைப் பார்த்தார். “கேபிள்லயும் சின்னக் கோளாறு இருந்துச்சு அண்ணாச்சி, சரி பண்ணிட்டேன்” என்றேன். யார் வைத்த கோளாறு என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணாச்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சாப்பிடக் கிளம்பினார்.

“அவருக்குத் தெரியாது, சரி” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “உனக்குத் தெரியும்லா?”