பட்டுத்துண்டில் ஒரு ஸ்காட்லாந்துப் பெயர்

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் தறிக்காரருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஞாயிறன்று அக்கா மகனுக்கு ஞானஸ்நானம். அவனைப் போர்த்த ஒரு பட்டுத்துண்டு தறியில் இருந்தது. அதன் ஓரத்தில் அவன் பெயர் வர வேண்டும். அக்கா புகுந்த வீட்டில் மூத்த பேரனுக்குக் கொள்ளுத்தாத்தா பெயர்தான்: கேம்பல். அவர் பிறந்தபோது பிரசவம் பார்த்த ஸ்காட்லாந்து டாக்டரின் பெயராம்.

ஆரணியில் புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருவது என் வேலை. அந்த எழுத்துகளையும் நான்தான் போட்டேன். நெய்துவிட்டால் அழிக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

மாமா, அதாவது அக்காவின் மாமனார், ஓய்வுபெற்ற ஆசிரியர். "விருந்துல பேரோட அர்த்தத்தை நான் எழுந்து சொல்லணும். நல்லா எழுதிக் குடும்மா" என்று கேட்டிருந்தார். காலையில் தேடி, போனில் குறித்துக்கொண்டேன்.

1. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர்.
2. இரண்டு சொற்கள்: கோணல், வாய்.
3. யாருக்கோ வைத்த பட்டப்பெயர் குடும்பப் பெயராகி, பிறகு பையன்களுக்கு வைக்கும் பெயரானது.
4. 'அழகிய வயல்' என்றும் சொல்வார்கள். அது பின்னால் ஒட்டவைத்த கதை.

குழந்தை மேலுதடு பிளந்து பிறந்தவன். தைப்பதற்கு ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் நாள் கொடுத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அக்கா அவன் முகத்தை மூடாமல் வாசலுக்குக்கூடக் கொண்டுவரவில்லை.

நான்காவதை மட்டும் மாமாவுக்கு அனுப்பிவிடலாம் என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். இன்னும் பத்து வருடத்தில் எவனாவது ஒரு வகுப்புத் தோழன் இதே போல் தேடுவான். வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா இரண்டு முறை படித்தாள். போனை மாமாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"வேணாம்மா. மாத்திடலாம். பைபிள்ல இல்லாத பேரா?"

"இத்தன நாளா ஊரெல்லாம் இந்தப் பேரச் சொல்லிகினு இருந்தீங்க, மாமா. இப்ப மாத்தினா எதுக்குன்னு கேப்பாங்க இல்ல?" என்றாள் அக்கா.

"அர்த்தம் சரியில்லன்னு சொல்லலாம்."

"அப்போ அவன் வாயப் பாத்துத்தான் மாத்தினோம்னு ஆயிடும். பெரியவனானதும் அவனே கேப்பான். நீங்க சொல்வீங்களா, நான் சொல்லட்டுமா?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கையிலிருந்த என் போன் அடித்தது. வாங்கினேன். தறிக்காரர்.

"என்னம்மா, தறியில உக்காந்துகினே இருக்கேன். ஜல்தி சொல்லுங்க. நெய்யவா, இல்ல டீ குடிச்சிட்டு வந்து தூங்கவா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை சிணுங்க ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் நான் என்னத்தம்மா சொல்றது?" என்றார் மாமா மெதுவாக.

"ரெண்டாவதையும் மூணாவதையும் சொல்லுங்க. அந்தப் பட்டப்பேர மறைக்காம புள்ளைங்களுக்கு வச்சிருக்காங்க இல்ல, அதையும் சேத்து. நாலாவது வேணாம்" என்றாள் அக்கா.

அவர் தலையாட்டினார். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நெய்யுங்கண்ணா. எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா?"

முடியாது, டிசைனைத் தறியில் ஏற்றியாகிவிட்டது என்றேன் நான்.

"சரி, இருக்கறபடியே நெய்யுங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் துணி இல்லை.