வேஸ்ட் மூட்டைக்குள் என் மகள்

அடித்தால்தான் பிள்ளை கக்கூஸ் பழகும் என்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

திருப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறோம். மகளுக்கு இரண்டரை வயது. ஜட்டியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டால், என் கணவரின் அக்கா தொடையில் கிள்ளிவிடுவார். நான் தடுத்தால், "நாங்கெல்லாம் புள்ள வளத்தலையா கண்ணு?" என்பார்.

ஒருநாள் மதியம் குழந்தையைக் காணவில்லை. தெருவெல்லாம் தேடிவிட்டு ஓடி வந்தேன். வாசலில், தைத்து மிஞ்சிய துணி வேஸ்ட் மூட்டைகளை ஏற்ற டெம்போ நின்றது. மூட்டையின் வாயைக் கட்டப் போன டெம்போக்காரர், "ஏனுங்க, உள்ள என்னமோ அசையுதுங்க!" என்று கத்தினார்.

துண்டுத் துணிகளுக்கு அடியில், நனைந்த ஜட்டியோடு என் மகள் சுருண்டு கிடந்தாள். "அத்தை கிள்ளும்" என்றாள். அவளை வாரி எடுத்தேன். மூட்டையைக் கட்டி ஏற்றியிருந்தால்?

கணவரின் அக்காவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்: "இனி எம்புள்ள மேல கை வெக்காதீங்க." அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது மகளுக்கென்று குட்டி டாய்லெட் சேர் வாங்கியிருக்கிறேன். அதில் உட்கார்ந்து போனால், வேஸ்ட்டிலிருந்து பிடித்த நிறத்தில் ஒரு துண்டு எடுத்து சேரில் கட்டிக்கொள்வாள். சேர் தேர் மாதிரி ஆகிவிட்டது! சில நாள் ஜட்டியிலும் போகிறாள்தான். ஆனால் ஒளிவதில்லை, நேராக என்னிடம் வந்து சொல்கிறாள்.

"செல்லங் குடுத்துக் கெடுக்கறே" என்று நேற்றும் சொன்னார் கணவரின் அக்கா.

"தொடச்சுட்டாப் போச்சுங்க. நம்மூர்ல துணிக்கா பஞ்சம்?" என்றேன்.