படகுச் சத்தத்துக்கு வைத்த உலை

துளசிங்கம் இருந்தவரை லோகநாயகிக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. பழவேற்காட்டு அப்துல் ஹை பாயின் இஞ்சின் படகில் மெட்ராஸ்காரர்களை ஏற்றிப்போய்ப் பூநாரை காட்டிவருவது அவள் புருஷனுக்கு வேலை. பொழுது சாயும்போது ஏரியில் அந்த மண்ணெண்ணெய் இஞ்சின் கடகடக்கும். அவள் உலை வைப்பாள். அவன் படகைக் கட்டிவிட்டு வீடு வந்து சேரவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும்.

எண்பத்திரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோனது. லோகநாயகி அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் வாய் கூசாமல் பேசியது. பேசட்டும், ஊருக்கு வேறென்ன வேலை? அழுகை வந்தால்தானே அழுவாள். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. காரியம் முடிந்த மறுவாரம் பாய் புதிதாக வைத்த ஆள் முனியன் அதே படகை ஓட்டினான். சாயங்காலம் சத்தம் கேட்டதும் அவள் கை தானாக இரண்டு பேருக்கு அரிசி எடுத்தது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிட்டாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

சத்தத்துக்குப் பறவை பறந்துவிடுகிறது என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பாய் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, இஞ்சினைக் கழற்றிவிட்டு, லாரி பேட்டரிகளும் கரண்டு மோட்டாரும் பொருத்தினார். கரண்டு கண்ணாமூச்சி ஆடும் ஊர். சார்ஜ் ஏறாத நாளைக்குப் படகைத் தள்ளக் கழி இருக்கவே இருக்கிறது. வெள்ளோட்டத்துக்கு, புருஷன் ஓட்டிய படகாயிற்றே என்று அவளைத்தான் முதலில் ஏறச் சொன்னார். தாலியறுத்தவளையா என்று நாலு பேர் முகம் சுளித்தார்கள். பாய் கண்டுகொள்ளவில்லை.

படகு நகர்ந்ததே தெரியவில்லை. பூநாரைகள் தலை தூக்காமல் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன.

"பாத்தியாம்மா, சத்தமே இல்ல. இனிமே சுத்திப்பாக்கற படகெல்லாம் இப்டித்தான்" என்றார் பாய்.

பழைய இஞ்சின் என்னவாகும் என்று கேட்டாள். ஆரம்பாக்கத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார். வேண்டாம் என்று வாய்வரை வந்தது. என்ன காரணம் சொல்வாள்? நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மறுநாள் பொழுது சாய்ந்தது. அரிசியை முறத்தில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருட்டிவிட்டது. முனியன் பீடியோடு அந்தப் பக்கம் வந்தான்.

"இன்னாக்கா, இன்னும் அடுப்பு பத்த வெக்கல?"

"படகு வரட்டும்னு கீறேன்."

"படகு அப்பவே வந்துட்ச்சேக்கா. நான் துன்னே முடிச்சிட்டேன்."

துளசிங்கம் இனி வரமாட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே போய், ஒரு ஆளுக்கு இது போதும் என்று முறத்திலிருந்து பாதியை அரிசிப் பானையில் திரும்பக் கொட்டினாள். கொட்டும்போதே அழுதாள்.